முதியோர் உரிமைக்காக இயங்கும் தொண்டு நிறுவனத்தில் இருப்பவர்கள் என்னதான் செய்கிறார்கள்?

எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) முடித்திருக்கிறீர்கள். முதியோர் உரிமைக்காக இயங்கும் ஒரு தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளர் வேலைக்கு ஆர்டர் வந்திருக்கிறது. வீட்டில் ‘முதியோர் இல்லத்தில் ஆயா வேலை பார்க்கவா படிக்க வைத்தோம்’ என்கிறார்கள். அங்கே இருப்பவர்கள் உண்மையில் என்ன வேலை செய்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். என்ன வேலை என்பதைவிட, இதை ஒரு தொழிலாக வைத்துக் காலம் தள்ள முடியுமா, நாம் போய்ச் செய்வதால் யாருக்காவது ஏதாவது நடக்குமா என்பதுதான் உங்கள் மனதில் ஓடுவதாக எனக்குப் படுகிறது. இரண்டுக்கும் சேர்த்தே சொல்கிறேன். மதுரை, விருதுநகர், தேனி பக்கத்துக் கிராமங்களில் இந்த வேலையிலேயே எனக்குப் பல வருடங்கள் ஓடிவிட்டன. சென்னை மாதிரிப் பெருநகரத்து நிறுவனங்களில் நான் வேலை பார்த்ததில்லை. அதனால் இதைக் கிராமமும் சிறுநகரமும் பார்த்த ஒருவருடைய பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வீட்டுக்குச் சொல்ல வேண்டியது. முதியோர் இல்லம் நடத்துவது வேறு, முதியோருக்காக வாதாடுவது வேறு. இல்லத்தில் சோறு, மருந்து, படுக்கை, கூடவே இருந்து பார்த்துக்கொள்ளும் கைகள் எல்லாம் வேண்டும். அது பெரிய வேலை, ஆயா வேலை என்று இளக்காரமாகச் சொல்லக்கூடியது இல்லை. ஆனால் நம் ஊர் முதியவர்களில் மிகப் பெரும்பாலோர் இல்லங்களில் இல்லை. சொந்த வீட்டிலோ, மகன் வீட்டுத் திண்ணையிலோ, ஒற்றையாக ஓர் ஓட்டு வீட்டிலோதான் இருக்கிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 60 வயது தாண்டியவர்கள் ஏறத்தாழ 10.4 கோடிப் பேர். அரசு தருவதாகச் சொன்னது இவர்களுக்கு வந்து சேர்கிறதா, குடும்பம் செய்ய வேண்டியதைச் செய்கிறதா, இல்லாவிட்டால் எந்தக் கதவைப் போய்த் தட்டுவது என்று கூட நிற்பதுதான் நீங்கள் சேரப்போகும் இடத்தின் வேலை.

நடைமுறையில் வாரத்தில் பாதி நாள் ஓய்வூதியத்துக்கே போய்விடும். தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் 1962-ல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கியது. 2023 ஆகஸ்டில் 1,000-லிருந்து 1,200 ரூபாயாக உயர்ந்தது. விண்ணப்பம் போட்டால் வந்துவிடும் என்றுதான் வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். இ-சேவை மையத்தில் பதிந்த பிறகு அது வி.ஏ.ஓ.விடம் போகும், வருவாய் ஆய்வாளரான ஆர்.ஐ. விசாரிப்பார், அப்புறம் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் மேசைக்குப் போகும். எந்த மேசையில் நிற்கிறது என்று மனு கொடுத்த பாட்டிக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொண்டு அடுத்த மேசைக்கு நகர்த்துவதுதான் களப்பணி. ஆதார் எடுத்தபோது வாய்க்கு வந்த வயதைப் போட்டிருப்பார்கள், எழுபது தாண்டிய கிழவிக்கு அட்டையில் ஐம்பத்தெட்டு இருக்கும். ரேஷன் கார்டில் ‘காளியம்மாள்’, வங்கியில் ‘காளி’ என்று இருக்கும். இதையெல்லாம்கூடச் சரிசெய்துவிடலாம். எனக்கு எப்போதும் பெரும்பாடாக இருந்தது, மகன் பெயர் கார்டில் இருப்பதால் ‘ஆதரவு உண்டு’ என்று மனு தள்ளுபடியாவது. அந்த மகன் திருப்பூருக்குப் போய் வருடங்கள் ஆகியிருக்கும், பொங்கலுக்குக்கூட எட்டிப் பார்த்திருக்க மாட்டார். ஆதரவு இல்லை என்பதற்கு எந்த அலுவலகத்திலும் சான்று கிடைக்காது. அக்கம்பக்கத்தாரிடம் எழுதி வாங்கி, ஊராட்சித் தலைவரிடம் ஒரு கடிதம் வாங்கி, பாட்டியைக் கையோடு அழைத்துக்கொண்டு தாசில்தார் முன்னால் நிற்க வேண்டியிருக்கும்.

ஓய்வூதியம் அனுமதி ஆன பிறகும் வேலை முடியாது. வங்கி முகவர் கைரேகை மெஷினோடு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பார், வரிசை நிற்கும். ஒருமுறை செங்கல் சூளையில் காலமெல்லாம் கல் சுமந்த ஓர் அம்மா கட்டைவிரலை வைத்தார், ரேகை விழவில்லை. முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார், விழவில்லை. ஆள்காட்டி விரல், நடுவிரல் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தும் மெஷின் சிவப்பையே காட்டியது. பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார்கள், முகவரும் ‘அடுத்த மாசம் பாத்துக்கலாம்மா’ என்றார். எங்கள் களப்பணியாளர் அந்த அம்மாவின் கையைக் கழுவச் சொல்லி, காயவைத்து, மறுபடி வரிசையில் நிறுத்தி மீதி விரல்களையும் வைத்துப் பார்த்தார். இடது மோதிர விரல் பிடித்தது. பாஸ்புக்கின் பின்னட்டையில் ‘இடது மோதிர விரல்’ என்று பேனாவால் பெரிதாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம். அடுத்த மாதம் முகவர் மாறினாலும் அந்த அம்மா பாஸ்புக்கைத் திருப்பிக் காட்டினால் போதும்.

இது வரைக்கும் சேவை. ஒரு வட்டாரத்தில் விரல் விழாததால் எத்தனை பேருக்கு எந்த மாதப் பணம் நின்றது என்று பெயர், ஊர், தேதி போட்டுப் பட்டியலாக்கி, திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் கொடுத்து, ரேகை விழாதவர்களுக்கு வங்கிக் கிளையில் மாற்று வழி செய்து எழுத்தில் உத்தரவு கேட்பதுதான் வாதாடுவது. முதல் வேலையைச் செய்யாதவர்கள் இரண்டாவதைச் செய்ய முடியாது, பட்டியலுக்குள் நிஜ மனிதர்கள் இருக்க மாட்டார்கள். முதல் வேலையோடு நிறுத்திக்கொள்பவர்கள் ஆயுசுக்கும் ஒவ்வொரு விரலாகப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். டெல்லி வரைக்கும் இதே கதைதான். மத்திய அரசு தன் பங்காக 60 முதல் 79 வயது வரை உள்ளவர்களுக்குத் தருவது மாதம் 200 ரூபாய், 80 ஆனால் 500. அந்த 200 ரூபாய் 2007-லிருந்து அப்படியே நிற்கிறது. அருணா ராய், பாபா ஆடவ் போன்ற சமூகச் செயல்பாட்டாளர்கள் 2012-ல் ‘பென்ஷன் பரிஷத்’ என்று ஆரம்பித்து, குறைந்தபட்சக் கூலியில் பாதியாவது ஓய்வூதியமாக வேண்டும் என்று பல மாநிலத்து முதியவர்களை டெல்லியில் போராட்டம் நடக்கும் ஜந்தர் மந்தரில் உட்காரவைத்தார்கள். தொகை இன்னும் உயரவில்லை. அதனால் அந்த முயற்சி வீண் என்று நான் நினைக்கவில்லை. கேட்பதற்கு ஆள் இருக்கும் வரைதான் ஒரு கோரிக்கை உயிரோடு இருக்கும்.

அடுத்த பெரிய பகுதி சட்டம். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007. இதை நீங்கள் வேலையில் சேருவதற்கு முன்பே முழுதாகப் படித்துவிடுங்கள், சின்னச் சட்டம்தான். உறுதியாகச் சொல்லக்கூடியவை இவை. தன் சொந்த வருமானத்திலும் சொத்திலும் பிழைக்க முடியாத பெற்றோர், பிள்ளைகளிடம் ஜீவனாம்சம் கேட்டு வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு போடலாம். மனு போட முடியாத நிலையில் இருந்தால் அவர் அதிகாரம் கொடுத்த வேறொருவரோ பதிவு பெற்ற தொண்டு நிறுவனமோ போடலாம். நம்மைப் போன்றவர்கள் அந்த அறைக்குள் போய் நிற்பதற்குச் சட்டத்தில் இருக்கும் இடம் அதுதான். மாத ஜீவனாம்சத்துக்கு உச்சவரம்பு 10,000 ரூபாய். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போய்ச் சேர்ந்து 90 நாளில் முடிக்க வேண்டும், விதிவிலக்கான சூழ்நிலையில் இன்னும் 30 நாள் நீட்டலாம் என்கிறது சட்டம். எங்கள் பக்கத்தில் அந்தக் கெடுவுக்குள் முடிந்தவை குறைவு. தேர்தல், வெள்ளம், மேலதிகாரி வருகை என்று ஆர்.டி.ஓ.வுக்கு வேறு வேலை வந்துகொண்டே இருக்கும். உச்சவரம்பை எடுத்துவிடுவதற்கு 2019 டிசம்பரில் மக்களவையில் ஒரு திருத்த மசோதா வந்தது. அது நிறைவேறாமல் 2024-ல் அந்த அவை கலைந்ததோடு காலாவதியாகிவிட்டது.

உறுதியாகச் சொல்ல முடியாத இடம் சொத்து. வருகிற புகார்களில் கனமானவை, குடும்பத்தாருக்குச் சொத்தை எழுதிக் கொடுக்கும் செட்டில்மென்ட் பத்திரம் பற்றியவை. ‘கடைசி வரைக்கும் பார்த்துக்கிறேன்’ என்ற வாய்வார்த்தையை நம்பி வீட்டை மகனுக்கோ மகளுக்கோ எழுதிக் கொடுத்துவிடுவார்கள், ஒரு வருடத்தில் சமையலறை பூட்டப்பட்டுவிடும். பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்து, அது மீறப்பட்டால் பத்திரத்தை ரத்து செய்யலாம் என்கிறது இதே சட்டத்தின் 23-வது பிரிவு. அந்த நிபந்தனை பத்திரத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டுமா என்பதில்தான் சிக்கல். அப்படியொரு நிபந்தனை இருந்ததைக் காட்டியாக வேண்டும் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் இறுக்கமாகச் சொன்னது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், இது முதியவர்களின் நலனுக்கான சட்டம், தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றது. அதே ஆண்டு மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் நாகப்பட்டினத்து வழக்கு ஒன்றில், அன்பின் பேரில் எழுதிக் கொடுத்தாலே பார்த்துக்கொள்வார் என்ற நிபந்தனை அதற்குள் இருப்பதாகக் கொள்ளலாம் என்றது. காற்று முதியவர்கள் பக்கம் வீசுகிறது என்று நான் நினைக்கிறேன். ஆனாலும் புகாரோடு வருபவரிடம் ‘வீடு திரும்பக் கிடைத்துவிடும்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள். இலவச சட்ட உதவி மையத்துக்கு அழைத்துப் போங்கள், பத்திரத்தை வக்கீல் படித்துச் சொல்லட்டும். இன்னும் எழுதிக் கொடுக்காமல் யோசனையில் இருப்பவர் யாராவது கிடைத்தால் அன்றைக்கே உட்கார்ந்து பேசுங்கள். பராமரிப்பு நிபந்தனையைப் பத்திரத்தில் தெளிவாக எழுதச் சொல்லும் அரைமணி நேரப் பேச்சு, பின்னால் பல வருட அலைச்சலை மிச்சமாக்கும்.

இந்த வேலையில் படிப்பு சொல்லித் தராத ஒன்று உண்டு. நாம் யாருக்காக நிற்கிறோம் என்பது. கேட்டால் எல்லோரும் ‘முதியவருக்காக’ என்று சொல்லிவிடுவார்கள். தீர்ப்பாயத்துக்குப் போனால்தான் அது எவ்வளவு கடினம் என்று தெரியும். ஒரு தாயார், இரண்டு மகன்கள், இருவருக்கும் நல்ல வருமானம். மாதம் ஐயாயிரம் கேட்டு மனு எழுதிக் கொடுத்து, விசாரணைக்கும் கூடப் போயிருந்தோம். மூத்தவர் எண்ணெய் தேய்க்காத தலையோடு, கசங்கின சட்டையில் வந்து ஓரமாக நின்றார். அதிகாரி ‘உங்களுக்கு எவ்வளவும்மா வேணும்?’ என்றதும் அந்த அம்மா எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. மகனையே பார்த்தபடி, ‘அவனுக்கும் புள்ளைகுட்டி இருக்கு சாமி. ஆயிரம் குடுத்தாப் போதும். வீட்டுக்கு வந்தா கதவத் தொறந்தா போதும்’ என்றார். கூட வந்திருந்த இளம் களப்பணியாளருக்குக் கோபம், அழுகை இரண்டும் வந்துவிட்டது. இத்தனை நாள் ஓடி ஓடிச் சேர்த்த காகிதமெல்லாம் என்னத்துக்கு என்று கேட்டார்.

அந்த அம்மா கேட்டதுதான் அன்றைய உத்தரவாக வர வேண்டும் என்பது என் நிலைப்பாடு. அவருக்கு என்ன வேண்டும் என்பதை நாம் தீர்மானிக்கக் கூடாது. ஐயாயிரம் அவர் உரிமை, அதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டியது நம் பொறுப்பு. அதன் பிறகும் அவர் ஆயிரம் போதும் என்றால், அதற்குப் பின்னால் பயம் இருக்கிறதா பாசம் இருக்கிறதா என்று தனியாக உட்காரவைத்துக் கேட்க வேண்டும். மகனும் மருமகளும் வாசலில் நிற்கும்போது கேட்கக் கூடாது. பயம் என்றால் விடக் கூடாது. பாசம் என்றால் நம் கோபத்தை மடித்து வைத்துவிட்டு, கதவைத் திறப்பதை எழுத்தில் வாங்கித் தர வேண்டும். பாசமா பயமா என்று எப்போதும் கண்டுபிடித்துவிட முடியும் என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டும் கலந்தே இருக்கும். திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை. குடும்பம் உங்களைச் சும்மா விடாது, ‘குடும்பத்தைப் பிரிக்க வந்திருக்கீங்களா’, ‘சொத்தை எழுதி வாங்கப் பார்க்கிறீங்களா’ என்பார்கள். இரண்டாவது சந்தேகம் நியாயமானதுதான், ஏனென்றால் முதியவர்களிடம் சொத்தை எழுதி வாங்கியவர்கள் சேவை என்ற பெயரிலும் இருந்திருக்கிறார்கள். முதியவரிடமிருந்து ஊழியர்கள் பணமோ பொருளோ வாங்கக் கூடாது என்று உங்கள் நிறுவனத்தில் எழுதிவைத்த விதி இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தென்மாவட்டத்தில் வேலை என்றால் தலைக்கூத்தல் பற்றிக் காதில் விழாமல் இருக்காது. படுத்த படுக்கையானவரை வீட்டாரே ‘அனுப்பிவைக்கும்’ பழக்கம். அது கொலை, சட்டத்துக்கு முன்னால் வேறு பேர் இல்லை. எத்தனை நடக்கிறது என்று பத்திரிகைகளில் வரும் எண்ணிக்கைகளை நான் நம்புவதில்லை. இயற்கைச் சாவு என்று எழுதப்படுவதை யாரும் எண்ணியிருக்க முடியாது. நான் பார்த்தவரை அந்த வீடுகளில் கொடுமைக்காரர்களைவிடக் களைத்துப்போனவர்களே அதிகம். புண் கட்டத் தெரியாது, ஒருவர் கூட இருந்தால் ஒரு கூலி போய்விடும், ராத்திரி முழுக்க அலறலைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அங்கே முதலில் போய்ச் சேர வேண்டியவர் வலிதணிப்பு நர்ஸ். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கும் ஏற்பாடு இருக்கிறது. உங்கள் வட்டாரத்து சுகாதாரத் தன்னார்வலரின் போன் நம்பர் உங்களிடம் இருக்க வேண்டும். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் போலீஸுக்குச் சொல்லத்தான் வேண்டும், அதில் இரண்டு பேச்சுக்கு இடமில்லை.

களத்தில் இருப்பவர்கள் மட்டும் நிறுவனம் இல்லை. முதியோருக்கான 14567 என்ற ‘எல்டர்லைன்’ உதவி எண்ணைப் பல மாநிலங்களில் தொண்டு நிறுவனங்கள்தான் நடத்திக் கொடுக்கின்றன. அங்கே போன் எடுப்பவர்களும், புகார் வந்த வீட்டுக்கு நேரில் போகிறவர்களும் இருக்கிறார்கள். பேச ஆள் இல்லாமலே கூப்பிடுகிறவர்களும் உண்டு என்று போன் எடுப்பவர்கள் சொல்வார்கள், அதுவும் அவர்கள் வேலைதான். கவுன்சலர், பதிவேடு எழுதுபவர் உண்டு. எல்லோருக்கும் பின்னால் கணக்காளர் இருப்பார். அவரை அலட்சியமாகப் பார்க்காதீர்கள். ஆட்டோவுக்குக் கொடுத்த நாற்பது ரூபாய்க்கு அவர் வவுச்சர் கேட்கிறார் என்றால் காரணம் இருக்கிறது. கணக்கில் ஒரு ஓட்டை விழுந்தால் நிறுவனத்தின் பதிவே போய்விடலாம்.

பணம் எங்கிருந்து வருகிறது என்று புரிந்தால் உங்கள் சம்பளமும் புரியும். வெளிநாட்டு நிதிச் சட்டம் 2020-ல் திருத்தப்பட்டபோது, நிர்வாகச் செலவின் வரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைந்தது. பெரிய நிறுவனம் வெளிநாட்டிலிருந்து வாங்கிச் சின்ன நிறுவனத்துக்குப் பிரித்துக் கொடுப்பதும் தடைசெய்யப்பட்டது. கிராமத்துச் சின்ன அமைப்புகளுக்கு அது பெரிய அடி, நல்ல ஊழியர்கள் பலர் அப்போதுதான் வேறு வேலைக்குப் போனார்கள். இங்குள்ள கம்பெனிகள் சமூகப் பணிக்கு ஒதுக்கும் சி.எஸ்.ஆர். பணம் இருக்கிறது. 2013 கம்பெனிகள் சட்டத்தின் பட்டியலிலேயே முதியோர் இல்லங்களும் பகல்நேர மையங்களும் உண்டு. கண்புரை அறுவை, மூக்குக் கண்ணாடி, போர்வை என்றால் அந்தப் பணம் எளிதாக வரும், போட்டோ எடுக்கலாம், எண்ணிக் காட்டலாம். தாசில்தார் ஆபீஸ் வராந்தாவில் ஒரு மனுவுக்காக நாள் முழுக்க நிற்கும் ஊழியரின் சம்பளத்துக்குப் பணம் கேட்டால், அறிக்கையில் அதை எப்படிக் காட்டுவது என்று யோசிப்பார்கள். முதியோருக்காக வாதாடும் வேலைக்குத்தான் நம் நாட்டில் பணம் மிகக் குறைவு. எனக்கு இதில் தீராத வருத்தம் உண்டு, ஏனென்றால் பல வருடம் நிலைக்கும் மாற்றம் அந்த வராந்தாவில்தான் நடக்கிறது.

ஆகவே காலம் தள்ள முடியுமா என்றால், முடியும், நான் தள்ளியிருக்கிறேன், குடும்பமும் நடத்தியிருக்கிறேன். ஆனால் வீட்டில் இன்னொரு வருமானம் இருந்தது. அது இல்லாமல் களச் சம்பளத்தில் மட்டும் சமாளித்தவர்களை எனக்குத் தெரியும், அவர்கள் பட்ட கஷ்டமும் தெரியும். இந்த வேலை பெரும்பாலும் புராஜெக்டோடு கட்டியது, மூன்று வருட நிதி முடிந்தால் வேலையும் முடிந்தது என்று சொல்லிவிடுவார்கள். நிலைத்தவர்கள் பெரும்பாலும் கையில் ஒரு தனித்திறமையைச் சேர்த்துக்கொண்டவர்கள். சட்டம் படித்தார்கள், முதியோர் உளவியலோ வலிதணிப்புப் பயிற்சியோ எடுத்தார்கள், அல்லது நிதி கேட்டு எழுதக் கற்றுக்கொண்டார்கள்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் சிலவற்றைக் கேளுங்கள். எந்த நிதியில் உங்கள் சம்பளம் வருகிறது, அது எந்த மாதம் வரை. பி.எஃப். பிடிக்கிறார்களா. களத்துக்குப் போய்வர பெட்ரோலோ பஸ் காசோ தனியாகத் தருகிறார்களா, சம்பளத்துக்குள்ளேயா. புகார் வந்த வீட்டுக்கு விசாரிக்கத் தனியாகப் போகச் சொல்வார்களா, இரண்டு பேராகவா. பெண் ஊழியர் என்பதால் இந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள், குடும்பத் தகராறு முற்றியிருக்கும் வீட்டுக்கு எங்களில் யாரையும் ஒற்றையாக அனுப்புவதில்லை. அப்புறம், அந்த நிறுவனத்தின் கமிட்டியில் முதியவர் எவராவது உட்கார்ந்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். ஓய்வுபெற்ற அதிகாரிகளைச் சொல்லவில்லை. ஓய்வூதிய வரிசையில் நிற்கிற, விரல் விழாத ஒருவர். அப்படி ஒருவர் இருந்தால் தயங்காமல் சேருங்கள். இல்லாவிட்டாலும் சேரலாம், ஆனால் முதல் மாதக் கூட்டத்திலேயே ஏன் இல்லை என்று கேட்டுவிடுங்கள்.